புயல் மூடிய ஸ்டேஷன், யுத்தம் மூடிய ஸ்டேஷன், நாம் மூடிக்கொண்டிருக்கும் ஸ்டேஷன்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். முக்கியமாக புத்தளம், பாலாவி, மதுரங்குளி, முந்தல் பக்கம் இருக்கிற உறவுகளும், மன்னாரில் இருந்து வந்து இங்கே வேர்விட்ட எங்கள் ஆட்களும் வாசிக்க வேண்டும்.

போன வாரம் தரம் 9 வரலாற்றுப் பாடத்தில் பிரித்தானியர் காலப் போக்குவரத்தைப் படிப்பித்தோம். பிள்ளைகள் நன்றாகத்தான் சொன்னார்கள். முதல் ரயில் 1864 இல் கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸவுக்கு. 1867 இல் கண்டிக்கு. காரணம் கோப்பி. எல்லாம் சரி. "அப்போ புத்தளத்துக்கு ரயில் எப்ப வந்தது?" என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மகன் எழும்பி, "சேர், எங்கட பக்கத்து ஸ்டேஷன்ல ஆக்கள் ஏறுறதே இல்லையே, அப்புறம் அத என்னத்துக்கு கட்டினாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இடைவேளையில் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சுத்தான். அந்த மகனுக்கு ஒழுங்கான பதில் ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் நமது பாதையின் கதை.

புத்தளப் பாதை றாகமவில் பிரதான பாதையில் இருந்து பிரிகிறது. நீர்கொழும்புக்கு 1909 இல் வந்தது. சிலாபத்துக்கு 1916 இல். புத்தளத்துக்கு 1926 இல். கண்டிக்கு ரயில் போய் ஏறத்தாழ அறுபது வருடங்கள் கழித்துத்தான் நமக்கு வந்திருக்கிறது. அதுவரை நமது உப்பும் கொப்பராவும் கருவாடும் ஒல்லாந்தர் கால்வாய் வழியாகப் படகில்தான் கொழும்புக்குப் போயின. ரயில் வந்ததும் கால்வாய் மெல்ல மெல்லத் தூர்ந்தது. இன்று அந்தக் கால்வாய் பல இடங்களில் சாக்கடையாக இருக்கிறது. போக்குவரத்து வழி ஒன்றைக் கைவிட்டால் அது என்ன ஆகும் என்பதைப் பார்க்க நாம் தூரத்துக்குப் போகத் தேவையில்லை.

ஏன் அவ்வளவு தாமதம்? வெள்ளைக்காரன் ஆட்களுக்காகப் பாதை போட்டவன் இல்லை, சரக்குக்காகப் போட்டவன். மலைநாட்டில் கோப்பியும் பிறகு தேயிலையும் இருந்தன. நமது பக்கத்தில் தென்னை பெருகிய பிறகுதான் பாதையும் மெல்ல வடக்கே நகர்ந்தது. தெங்கு ஆராய்ச்சி நிலையம் இதே பாதையில் உள்ள லுணுவிலவில் இருப்பது தற்செயல் இல்லை. இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்தபோது இறங்கிய 'பத்தாலா' நமது புத்தளம்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்பவே வெளியுலகத்துக்குத் தெரிந்த துறைமுகம், ரயிலைப் பார்க்க 1926 வரை காத்திருந்தது.

இப்போது இன்னொரு ஸ்டேஷனின் கதை. எங்களில் பாதிப்பேருக்கு அது வீட்டுக் கதை.

மன்னாருக்கு ரயில் 1914 இலேயே வந்துவிட்டது. நமக்குப் பன்னிரண்டு வருடம் முந்தி. மதவாச்சியில் இருந்து காட்டை ஊடறுத்து, முருங்கன் தாண்டி, கடலைக் கடந்து மன்னார் தீவுக்குள் போய், தலைமன்னார் பியரில் முடிகிற 106 கிலோமீற்றர் பாதை. அந்தப் பக்கம் இந்தியாவில் பாம்பன் பாலம் அதே வருடம் பெப்ரவரியில் திறந்தார்கள். மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. மெட்ராஸ் எழும்பூரில் ஒரு டிக்கெட் எடுத்தால் கொழும்புக் கோட்டை வரை செல்லும். நடுவில் கடல் மட்டும் கப்பலில். அதுதான் போட்மெயில்.

அந்தப் பாதையில் காயல்பட்டினத்து, கீழக்கரை வியாபாரிகள் வந்தார்கள். தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுவரப்பட்டவர்கள், மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பிறகு வந்தார்கள். ஆலிம்கள் வந்தார்கள், சாமான் வந்தது, கலியாணச் சம்பந்தம்கூட வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ராமேஸ்வரத்தைப் பற்றிப் பேசும்போது பக்கத்து ஊரைப் பற்றிப் பேசுகிற மாதிரித்தான் பேசுவார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் ஊருக்குள் நுழைய முந்தி அலையில் அடிபட்டுப் போனது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் தப்பவில்லை. தனுஷ்கோடி ஊரே போனது. அந்த ஸ்டேஷனை மறுபடி கட்டவில்லை. மணலுக்குள் நிற்கும் அதன் சுவர்களை இன்று சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். நமது கரையிலும் அந்தப் புயல் அடித்தது. தலைமன்னாரும் சேதப்பட்டது. ஆனால் நமது பக்கத்து ஸ்டேஷன் சாகவில்லை. கப்பல் பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1980களில் யுத்தம் முற்றியதும் அதுவும் நின்றது. 1990 இல் மன்னார் ரயிலும் நின்றது.

1990 என்றால் எங்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஒக்டோபர் கடைசி வாரம். வடக்கின் ஐந்து மாவட்டங்களில் இருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டார்கள். மன்னார் தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். மழைக்காலக் கடல். வள்ளத்தில் வந்த எங்கள் உம்மாமார் இன்றும் நவம்பர் காற்று அடித்தால் கதவைச் சாத்திவிட்டு உட்காருவார்கள். அன்றைக்கு அந்த ரயில் ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் பல தடவை யோசித்திருக்கிறோம். விரட்டுகிறவன் விரட்டத்தான் செய்திருப்பான். ஆனால் கைக்குழந்தைகளோடு கடலில் இறங்க வேண்டி வந்திருக்காது.

அதன் பிறகு கால் நூற்றாண்டு தலைமன்னார் பியர் ஸ்டேஷன் பாழடைந்து கிடந்தது. வடக்கில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. யுத்தம் முடிந்த பிறகு இந்தியக் கடனுதவியில் மறுபடி போட்டார்கள். 2013 மே மாதம் மடு வீதி வரை ரயில் வந்தது. 2015 மார்ச் 14 அன்று இந்தியப் பிரதமர் வந்து தலைமன்னார் பியரில் கொடியசைத்து ரயிலை அனுப்பினார். இடையில் திருத்த வேலைகளுக்காக நின்றும் ஓடியும் இருக்கிறது, ஆனாலும் பாதை இருக்கிறது. அதைப் பார்த்த எங்கள் வயசாளிகள் சிலர் அழுதார்கள். கப்பல் கட்டுகிற அந்தப் பழைய பியர் மட்டும் இன்னும் உடைந்த கம்பும் இரும்புமாகக் கடலுக்குள் நிற்கிறது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? தனுஷ்கோடியை மூடியது புயல். தலைமன்னாரை மூடியது யுத்தம். புயலை யாரும் தடுக்க முடியாது. யுத்தத்தை நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் தடுத்திருக்க முடியாது. ஆனால் நமது பாதையில் உள்ள சின்ன ஸ்டேஷன்களுக்குப் புயலும் வரவில்லை, குண்டும் விழவில்லை. அவை தானாக மங்கிக்கொண்டு போகின்றன. கேட்க ஆள் இல்லாததுதான் காரணம்.

சிலாபத்துக்கு வடக்கே உள்ள பெயர்களை ஒருதரம் சொல்லிப் பாருங்கள். பங்கதெனிய, ஆனவிழுந்தாவ, பத்துளுஓயா, புளிச்சாக்குளம், முந்தல், மங்களவெளி, மதுரங்குளி, பாலாவி, தில்லையடி, புத்தளம், நூர் நகர். எத்தனை ஊர், எத்தனை சமூகம். சிங்களவர், தமிழர், முஸ்லிம், கத்தோலிக்கர் எல்லோரும் ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில் வாழ்கிறோம். சிலாபம் வரை ஓரளவு ரயில் இருக்கிறது. அதற்கு அப்பால் ஒரு நாளைக்கு வருகிற ரயில்களை விரல் விட்டு எண்ணலாம். ஒற்றைப் பாதை. ஒன்றைத் தவற விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்கிற நிலை. அப்படிப்பட்ட ஸ்டேஷனில் ஆள் ஏறவில்லை என்றால் அது ஆளின் குற்றமா? ரயில் குறைவு, அதனால் ஆள் குறைவு. ஆள் குறைவு என்று சொல்லி அப்புறம் விளக்கு இல்லை, கழிப்பறை இல்லை, டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் "ஆளே இல்லாத ஸ்டேஷனுக்கு எதுக்கு ரயில் நிற்க வேண்டும்" என்று கேட்பார்கள். எங்கள் வகுப்பு மகன் கேட்ட கேள்வியை நாளைக்குப் பெரிய கதிரையில் இருப்பவர் கேட்பார். அன்றைக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தத் தண்டவாளம் நூர் நகரோடு முடியவில்லை. அதற்கும் வடக்கே அறுவக்காட்டுப் பக்கம் போகிறது. அந்தத் துண்டில் பயணி ரயில் இல்லை. பாலாவி சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் கொண்டுவரப் போட்ட பாதை அது. வண்ணாத்திவில்லு, சேராக்குளி மக்கள் பஸ்ஸுக்கு நிற்க, கல் ரயிலில் போனது. இலங்கையில் எத்தனையோ வீடுகள் நமது மண்ணைத் தோண்டிய கல்லால் எழும்பியிருக்கின்றன.

பிறகு 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களும் ஏழைகள், அந்த வேதனையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரமாக வந்த திட்டம் என்ன? கொழும்புக் குப்பையைக் களனியில் கொள்கலன்களில் இறுக்கி, ரயிலில் ஏற்றி, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் கொண்டுவந்து, கல் தோண்டிய அறுவக்காட்டுக் குழிப் பக்கம் கொட்டுவது. 2018 இலும் 2019 இலும் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்மில் பலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே நின்றோம். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை எல்லாப் பக்கத்து ஆட்களும் நின்றார்கள்.

அப்போது நமக்கு ஒரு உண்மை விளங்கியிருக்க வேண்டும். பயணிக்கு ரயில் கேட்டால் பாதை பழசு, பெட்டி இல்லை, காசு இல்லை. குப்பைக்கு என்றால் திட்டம் போட முடிகிறது, காசு ஒதுக்க முடிகிறது, ஸ்டேஷன் கட்ட முடிகிறது. பாதையில் குறை இல்லை. அதில் எதை ஏற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிற மேசையில் நாம் இல்லை. உப்பு போனது, கொப்பரா போனது, கல் போனது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று மின்சாரமும் நமது கரையில் இருந்துதான் போகிறது. திரும்பி வந்தது குப்பை. நமது பிள்ளைகள் மட்டும் இன்னும் பிளாட்போமில் நிற்கிறார்கள்.

சரி, அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு முடித்தால் லைக் கிடைக்கும். ஆனால் நாம் நம்மையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கடைசியாக ரயிலில் ஏறியது எப்போது என்று ஆசிரியர் அறையில் ஒருவரை ஒருவர் கேட்டோம். ஒருவர் கோவிட் காலத்துக்கு முந்தி என்றார். இன்னொருவர் பிள்ளைக்குக் காட்டுவதற்காக ஒருமுறை என்றார். நாம் வான் பிடிக்கிறோம், பஸ்ஸில் போகிறோம், வசதி வந்தால் கார். ஸ்டேஷன் நமக்கு ஆடு கட்டுகிற இடம், பின்னேரம் பொடியன்மார் போனோடு உட்காருகிற இடம். அதைவிடக் கவலை என்னவென்றால், கொழும்புக் குப்பை வேண்டாம் என்று கோஷம் போட்ட அதே நாம்தான் வீட்டுக் குப்பையைப் பையில் கட்டி இரவில் ரயில் பாதை ஓரத்தில் போட்டுவிட்டு வருகிறோம். போய்ப் பாருங்கள், பொய் என்றால் சொல்லுங்கள். அறுவக்காட்டில் கொட்டினால் அநியாயம், நமது ஸ்டேஷனுக்குப் பின்னால் கொட்டினால் வசதியா? இதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் வகுப்பில் சுற்றாடல் பாடம் எடுக்கும்போது அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

இனி, என்ன செய்யலாம்? பெரிய கனவு சொல்லப் போவதில்லை. புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு நேரே ரயில் போட வேண்டும் என்று அடிக்கடி யாராவது எழுதுவார்கள். எங்களுக்கும் ஆசைதான். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் இடையே நேர்கோட்டில் நூறு கிலோமீற்றர் சொச்சம்தான். ரயிலில் போக வேண்டும் என்றால் தெற்கே றாகம வரை இறங்கி, பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி, ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் போக வேண்டும். ஆனால் நடுவில் வில்பத்துக் காடு இருக்கிறது. அந்தக் காட்டைப் பற்றி நமது சமூகத்தின் மீது ஏற்கெனவே எவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியும். காட்டை வெட்டித்தான் ரயில் வர வேண்டும் என்றால் அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காடும் நமது பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்துத்தான்.

அதற்குப் பதிலாகச் செலவு குறைந்த, இன்றைக்கே செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

ஒன்று, சிலாபத்துக்கு வடக்கே காலையில் பாடசாலைக்கும் வேலைக்கும், பின்னேரம் திரும்பி வரவும் பொருந்துகிற நேரத்தில் ஒரு ரயிலாவது ஒழுங்காக ஓட வேண்டும். முந்தலில் இருந்தும் மதுரங்குளியில் இருந்தும் புத்தளம் நகரப் பாடசாலைகளுக்கு வருகிற உயர்தரப் பிள்ளைகள் பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு பெட்டியில் நூறு பிள்ளைகள் இருந்துகொண்டு வரலாம்.

இரண்டு, சின்ன ஸ்டேஷன்களில் விளக்கும் கழிப்பறையும், பாதுகாப்பற்ற கடவைகளுக்குக் கேற்றும். பெண்பிள்ளைகள் இருட்டில் இறங்க முடியாத ஸ்டேஷனில் ரயில் நின்று பயன் இல்லை.

மூன்று, புத்தளத்தில் இருந்து அநுராதபுரத்துக்குப் போகிற பஸ் நேரத்தைத் தலைமன்னார் ரயில் நேரத்தோடு பொருத்த வேண்டும். புத்தளம் அநுராதபுரம் வீதி நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு மன்னாரில் காணி பார்க்க, ஜனாஸாவுக்கு, கலியாணத்துக்குப் போய்வருகிற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. இதற்கு ஒரு அங்குலத் தண்டவாளம்கூடப் போடத் தேவையில்லை. இரண்டு அலுவலகங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து நேர அட்டவணையைப் பார்த்தால் போதும்.

நாலாவது நமது வேலை. மாதத்தில் ஒரு தடவையாவது ரயிலில் ஏறுவோம். டிக்கெட் எடுத்து ஏறுவோம். டிக்கெட் எடுக்காமல் போகிறவனின் பயணம் எந்தக் கணக்கிலும் வராது. "இந்த ஸ்டேஷனில் வருமானம் இல்லை" என்ற வசனத்துக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகும்.

ஐந்தாவது, பிள்ளைகளின் வேலை. எங்கள் தரம் 9 பிள்ளைகளுக்கு இந்தத் தவணை ஒரு செயற்றிட்டம் கொடுத்திருக்கிறோம். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் போய், போட்மெயிலில் வந்தவர்கள், தலைமன்னார் ரயிலில் பாடசாலை போனவர்கள், புத்தளம் ஸ்டேஷனில் உப்பு மூட்டை ஏற்றியவர்கள், வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தவர்கள், யாராக இருந்தாலும் கேட்டு எழுதி வரச் சொன்னோம். முதல் கொப்பி நேற்று வந்தது. ஒரு மகள் தன் உம்மும்மாவிடம் கேட்டு எழுதியிருக்கிறாள். வெளியேறின நாளில் அவர் கையில் எடுத்து வந்த சாமான்களில் ஒன்று வீட்டுத் திறப்பு. வீடு இப்போது இல்லை, கதவும் இல்லை, திறப்பு மட்டும் இன்னும் அலுமாரியில் இருக்கிறதாம். "எங்கட வீட்டுல இருந்தா ரயில் ஊதுற சத்தம் கேக்கும், அத வெச்சுத்தான் உலைய அடுப்புல வெப்போம்" என்று சொன்னாராம்.

இதைத்தான் அந்தப் பின்வரிசை மகனுக்கு நாளைக்கு வாசித்துக் காட்டப் போகிறோம். ஸ்டேஷன் எதற்கு என்று கேட்டாய் அல்லவா மகன். ஒரு ஊர் தன் நாளை அந்தச் சத்தத்தை வைத்து எண்ணியது. அந்தச் சத்தம் அங்கே 25 வருடம் கேட்கவில்லை, யுத்தம் என்றார்கள். இங்கே அது குறைந்துகொண்டு போகிறது. இதற்கு நாம் எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் பழைய ரயில் டிக்கெட், தலைமன்னார் அல்லது புத்தளம் ஸ்டேஷனின் பழைய போட்டோ, போட்மெயில் கதை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் சேர்த்து வைப்பார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போன வருடம் கேட்டிருக்கலாமே என்று அடுத்த வருடம் கவலைப்பட்டு வேலை இல்லை.

பிழை இருந்தால் திருத்துங்கள். சரி என்றால் பகிருங்கள். அதைவிட மேல், அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஸ்டேஷனுக்குப் பிள்ளைகளோடு ஒரு விளக்குமாறும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் காலை ஏழு மணிக்கு அங்கே இருப்போம், இன்ஷா அல்லாஹ்.